கிரேசி மோகன்

கிரேசி மோகன் (1952–2019): தமிழ் நாடக, திரைப்பட, தொலைக்காட்சி நகைச்சுவை எழுத்தாளர். கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படித்தவர். எஸ்.வி. சேகருக்காக எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்தால் 'கிரேசி' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. 1979-இல் 'கிரேசி கிரியேஷன்ஸ்' குழுவைத் தொடங்கினார். அதன் நாடகங்களில் 'மாது' என்ற பாத்திரம் நிரந்தரமாகத் தம்பி பாலாஜிக்குத்தான். கதாநாயகியின் பெயர் எப்போதும் ஜானகிதான்.

கே. பாலசந்தரின் 'பொய்க்கால் குதிரை' (1983) இவரது நாடகத்திலிருந்து உருவானது. கமல்ஹாசனுடன் 'அபூர்வ சகோதரர்கள்' (1989), 'அவ்வை சண்முகி' (1996), 'பஞ்சதந்திரம்' (2002) எனக் கூட்டணி நீண்டது. இந்தக் கூட்டணியின் உச்சம் 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990). கல்யாணப் பந்திச் சாம்பாரில் மீன் விழுந்துவிட, சமையல்காரர் காமேஸ்வரன் தவிக்கும் காட்சியில் ஒரு வசனத்துக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். இரண்டாம் முறை பார்த்தால்தான் பாதி பிடிபடும். ஆபாசமோ இரட்டை அர்த்தமோ இல்லாமல் இதைச் சாதித்தார். சின்னத்திரைக்கும் நகைச்சுவைத் தொடர்கள் எழுதினார்.

வேடிக்கை எழுத்தாளர் என்றே அறியப்பட்ட இவர், சளைக்காமல் வெண்பாவும் எழுதியவர். கலைமாமணி விருது பெற்றார். 2019 ஜூன் 10 அன்று சென்னையில் மாரடைப்பால் காலமானார்.