சவரக்கத்தியில் துரு நீக்கல்

சவரக்கத்தியில் துரு நீக்கல் என்பது பழைய மடக்குச் சவரக்கத்தியின் அலகில் படிந்த துருவை, அலகின் வடிவமும் கடினத்தன்மையும் கெடாதவாறு அகற்றுவதாகும். இங்கிலாந்தின் செஃபீல்டு, செருமனியின் சோலிங்கன் ஆகிய நகரங்களில் செய்யப்பட்ட கத்திகள் இவ்வாறு சீர்செய்யப்படுபவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றின் அலகு ஏறத்தாழ 1 விழுக்காடு கரிமம் கொண்ட எஃகினால் ஆனது. கடினமானது; ஆனால் எளிதில் துருப்பிடிப்பது. துருவேறா எஃகு 1913 இல் தான் ஆரி பிரியர்லியால் செஃபீல்டில் உருவாக்கப்பட்டது.

துருவும் குழியும்

செந்துரு நுண்துளைகள் உடையது. ஈரத்தைத் தேக்கி வைத்து அடியிலுள்ள எஃகையும் அரிக்கும். ஆகவே அதை முழுமையாக நீக்க வேண்டும். கருநிறப் படிவு பெரும்பாலும் மாக்னடைட்டு ஆகும். இது உலோகத்துடன் இறுக ஒட்டியிருப்பதால் விட்டுவிடலாம்.

துரு தின்ற இடத்தில் எஃகு திரும்ப வருவதில்லை, குழியே எஞ்சும். கத்தியின் முதுகில் உள்ள குழி தோற்றத்தை மட்டுமே கெடுக்கும். கூர்விளிம்பில் குழி இருந்தால் அங்கு விளிம்பு பொடிந்து பல் விழும். அது முகத்தைக் கீறும். குழியைத் தாண்டும் வரை சாணைக்கல்லில் தேய்த்தால் அலகின் அகலம் குறையும். எனவே வேலையைத் தொடங்குமுன் விளிம்பை உருப்பெருக்கியால் பார்ப்பது நன்று. விளிம்பு நெடுகக் குழி விழுந்த கத்தியைக் காட்சிப் பொருளாக வைத்துக்கொள்வதே தகும்.

செய்முறை

முதலில் தையல் இயந்திர எண்ணெய் தடவி ஓரிரு நாள் ஊறவிட்டுத் துணியால் துடைக்க வேண்டும். எஞ்சிய துருவை எண்ணெயில் நனைத்த 600 எண் உப்புத்தாளில் தொடங்கி, 1000, 2000 எனப் படிப்படியாக நுண்மையான தாள்களால் தேய்க்கலாம். அலகைத் தட்டையான மரக்கட்டையின் மீது படுக்க வைத்து, முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மட்டுமே தேய்க்க வேண்டும். எதிர்த்திசையில் தேய்த்தால் விரல் அறுபடும். அலகில் பொன்முலாம் எழுத்துகள் இருப்பின் அவ்விடத்தைத் தவிர்க்க வேண்டும், அவை எளிதில் அழிந்துவிடும்.

வினாகிரி, சிட்ரிக் அமிலம் ஆகியன துருவை விரைவாகக் கரைத்தாலும் நல்ல எஃகையும் அரித்துச் சாம்பல் நிறமாக்கும். யானைத்தந்தப் பிடியுள்ள கத்தியை அமிலத்தில் இடவே கூடாது.

மின்விசையால் சுழலும் மெருகுச் சக்கரமே மிகுதியான கத்திகளைப் பாழாக்குவது எனலாம். விளிம்பு தாளினும் மெல்லியது, நொடியில் சூடேறும். வெப்பநிலை ஏறத்தாழ 200 பாகை செல்சியசைத் தாண்டினால் எஃகின் பதம் இறங்கும். பின்னர் எவ்வளவு தீட்டினாலும் கூர்மை நிலைக்காது.

மீண்டும் துருப்பிடித்தல்

செல்லுலாயிடு பிடிகள் பழையதாகிச் சிதையும்போது நைட்ரசன் ஆக்சைடுகளை வெளிவிடுகின்றன. இவை ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி, பிடிக்குள் மடங்கியிருக்கும் அலகை அரிக்கும். அத்தகைய பிடியை மாற்றாமல் அலகை மட்டும் தூய்மை செய்வதால் பயனில்லை.