சாயம் வெளுத்தது!

கம்பம் பக்கம் போயிருக்கிறீர்களா? சின்னமனூரைத் தாண்டினால் எங்கே பார்த்தாலும் வாழைத்தோட்டம். தார் வெட்டியாச்சு, லாரி ஏறியாச்சு. மரம்? ஒரு தாரோடு அதன் கதை முடிந்தது. வெட்டி வரப்போரம் தள்ளுவார்கள். அதற்குக் கூலி வேறு. விவசாயி கணக்கில் சுத்த நஷ்டம்.

சில மாதம் கழித்துப் பாருங்கள், அந்த இடத்தில் வெறும் கறுப்பு மண். மரத்தைத் தின்றது யார்?

சோற்றிலும் வைக்கோலிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே சரக்கு. குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலை. முடிச்சுதான் வேறு. சோற்று முடிச்சு நம் வாயிலேயே அவிழ ஆரம்பிக்கும். நார் முடிச்சு, அதாவது செல்லுலோஸ், அவிழாது. மாட்டுக்கும் அவிழ்க்கத் தெரியாது. அதன் வயிற்றுக் கிருமிகள்தான் அவிழ்த்துத் தருகின்றன. மண்ணிலும் அந்தக் கூட்டம் உண்டு. 1913-ல் மெக்பெத், ஸ்கேல்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அப்படி ஒரு பாக்டீரியாவை அடையாளம் காட்டினார்கள். இன்றைய பெயர் செல்லுலோமோனாஸ் ஃபிமி. இது சுரக்கும் நொதி, செல்லுலேஸ்.

சரி, ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்கில் கிருமிகள். அதில் நார்தின்னி எது? காட்டிக்கொடுத்தது ஒரு துணிச்சாயம்!

ஒரு ஃபிளாஷ்பேக். 1880-களில் பால் பாட்டிகர் என்ற ஜெர்மானியர் ஒரு சிவப்புச் சாயம் செய்தார். படிகாரம் மாதிரி இடைத்தரகர் இல்லாமலே பருத்தியில் ஒட்டியது. அப்போது பெர்லினில் ஆப்பிரிக்காவைக் கூறுபோடும் மாநாடு. ஊரெல்லாம் காங்கோ பேச்சு. 'காங்கோ சிவப்பு' என்றே பெயர் வைத்து விற்றார்கள்.

பருத்தி ஏறக்குறைய முழுக்க செல்லுலோஸ்தானே? 1982-ல் கனடாவில் டீதர், வுட் இருவரும் மாட்டு இரைப்பைக் கிருமிகளை ஆராய இதைப் பயன்படுத்தினார்கள். செல்லுலோஸ் கலந்த தட்டில் கிருமியை வளர்த்து, சாயம் ஊற்றி, உப்புத் தண்ணீரில் அலச வேண்டும். நார் இருக்கும் இடம் சிவப்பாக நிற்கும். கிருமி நாரை நறுக்கிய இடத்தில் சாயம் வெளுத்து ஒரு வளையம். திருடன் மாட்டிக்கொண்டான்!

அதே வருஷம் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர், செல்லுலோமோனாஸ் ஃபிமியின் செல்லுலேஸ் ஜீனை எடுத்து, லேபின் எடுபிடியான ஈ.கோலைக்குள் வைத்தார்கள். அதுவும் செல்லுலேஸ் செய்தது. அதன்பின் எத்தனையோ லேப்களில் இதே வழிதான்: ஜீனைப் பிடி, நொதிக்கு ஜாதகம் எழுது. எந்தச் சூடு தாங்கும்? எந்தப் புளிப்பில் படுத்துவிடும்?

தேனி ரோட்டில் இருக்கும் மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் குணசேகரன் குழு, 2000-களில் ஒரு பூஞ்சையின் சைலனேஸ் நொதிக்கு ஜாதகம் எழுதியது. சைலான் என்ற இன்னொரு நார்ப்பொருளை நறுக்குவது அது.

இதனால் யாருக்கு லாபம்? ஜீன்ஸை வெளுக்க, கல்லுக்குப் பதிலாக செல்லுலேஸ் வந்துவிட்டது. 2022-ல் பானிபட்டில் இந்தியன் ஆயில் ஆலை திறந்தது: வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். இடிக்கிற இடம் நொதியின் விலை. மாவை அவிழ்க்கக் கொஞ்சம் நொதி போதும். நாருக்கு நிறைய வேண்டும். மலிவான, முரட்டு நொதிக்காகத்தான் இன்னமும் மண்ணைக் கிளறுகிறார்கள்.

அடுத்தமுறை கம்பம் போனால் வரப்போரம் மட்கும் வாழைமரத்தைப் பாருங்கள். அடியில் ஒரு கூட்டம் கூலி கேட்காமல் உழைத்துக்கொண்டிருக்கும். அந்த வேலையை நாம் மலிவாகச் செய்யக் கற்றுக்கொள்ளும் நாளில், விவசாயி அந்த மரத்தையும் எடை போட்டு விற்பார்.