கோபுரமும் கொட்டகையும்: ‘ஸ்ரீ ராமானுஜர்’ (1938) படத்தை முன்வைத்து

திருக்கோஷ்டியூருக்கு வரும் வெளியூர்க்காரர் எவரும் முதலில் கேட்பது, “ராமானுஜர் ஏறின கோபுரம் எது?” என்பதுதான். கோயிலில் இருப்பவர்கள் கை காட்டுவது ராஜகோபுரத்தை அல்ல, கருவறைக்கு மேல் எழும்பி நிற்கும் அஷ்டாங்க விமானத்தை. கீழே நர்த்தன கிருஷ்ணன், அதற்கு மேல் பள்ளிகொண்ட பெருமாள், அடுத்து நின்ற திருக்கோலம், உச்சியில் பரமபதநாதன் என்று நிலை நிலையாக எழுப்பிய விமானம் அது. படிகள் குறுகல், உயரமானவர் குனிந்துதான் ஏற வேண்டும். மேலே போனால் ராமானுஜரின் உருவம் வெளியே பார்த்தபடி நிற்கிறது. அங்கிருந்து அவருடைய குரு திருக்கோஷ்டியூர் நம்பியின் திருமாளிகை இருக்கும் தெருவைக் காட்டுவார்கள். குருவின் வாசலைப் பார்த்தபடியே குருவின் கட்டளையை மீறினார் என்பது ஊர் சொல்லும் கதை.

கோபுரமா விமானமா என்பது சின்ன வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் நம் பொதுப்பேச்சு ஏன் விடாமல் ‘கோபுரம்’ என்றே சொல்கிறது? விமானம் கோயிலுக்கு உள்ளே இருப்பது. கோபுரம் வாசலில், தெருவை ஒட்டி நிற்பது. கோபுரத்தில் ஏறியவர் தெருவோடு பேசுகிறார். கோயிலுக்குள் விடப்படாதவன் காதிலும் அந்தக் குரல் விழும். இருபதாம் நூற்றாண்டுத் தமிழர்களுக்குத் தேவைப்பட்ட ராமானுஜர் இவர்தான். இவரைச் சமைத்ததில் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் பங்கு உண்டு என்பதும், 1938இல் வெளிவந்த ‘ஸ்ரீ ராமானுஜர்’ படத்தை அந்த வரலாற்றில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

மரபு சொல்வதை முதலில் பார்த்துவிடலாம். ராமானுஜர் (மரபுக் கணக்கில் 1017–1137) நம்பியிடம் ரகசியப் பொருள் கேட்க இந்த ஊருக்குப் பதினெட்டு முறை நடந்தார். யாருக்கும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு, உடனே ஊரறியச் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் கரையேறினால் தான் நரகம் போவதில் குறையில்லை என்றார். நம்பி மனம் உருகி அவரை ‘எம்பெருமானார்’ என்று அழைத்தார். குருபரம்பரை நூல்கள் இதை ஒரே மாதிரி சொல்வதில்லை. மணவாள மாமுனிகள் உபதேச ரத்தினமாலையில் இந்த நிகழ்ச்சியின் சாரத்தை ஒரே வெண்பாவில் அடக்குகிறார்: முன்னோர் ஆளுக்கு ஆள் என்று உபதேசித்து வந்தார்கள், எதிராசர் (ராமானுஜர்) ஆசையுள்ளவர்க்கெல்லாம் சொல்லச் செய்து அந்த வரம்பை அறுத்தார் என்பது அதன் கருத்து. அந்த வெண்பாவில் கோபுரமும் இல்லை, விமானமும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரு தகுதிவிதி மாறியது என்ற செய்தி மட்டுமே இருக்கிறது.

எது ரகசியம் என்பதையும் கவனிக்க வேண்டும். நாராயணன் என்ற நாமம் ரகசியமாக இருந்ததே இல்லை; ஆழ்வார்கள் ஊர் ஊராகப் பாடிவிட்டுப் போன பெயர் அது. இதே ஊரில் கண்ணன் பிறந்த கொண்டாட்டத்தைப் பெரியாழ்வார் பாடியிருக்கிறார். மறைவாக இருந்தது எட்டெழுத்தின் பொருள். பொருளை உச்சியில் நின்று கூவ முடியாது. உட்கார வைத்து, கேள்வி கேட்கவிட்டு, நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆகவே உரத்த குரலில் ஒரே மூச்சில் அறிவிக்கும் காட்சி, நீண்ட பாடம் ஒன்றைக் கண்ணுக்கும் காதுக்கும் ஏற்றபடி சுருக்கியதாகவே எனக்குப் படுகிறது. இப்படிச் சுருக்கியதைக் குறை என்று சொல்ல மாட்டேன். மேடைக்கும் திரைக்கும் அது இல்லாமல் முடியாது.

அந்தச் சுருக்கத்தை 1938இல் கையில் எடுத்தவர்கள் யார் என்பதுதான் சுவையான பகுதி. இயக்கியவர் ஏ. நாராயணன். சென்னையில் தயாரான முதல் தமிழ்ப் பேசும்படமான ‘சீனிவாச கல்யாணம்’ (1934) இவர் எடுத்தது. அதற்கு ஒலிப்பதிவு செய்தவர் இவர் மனைவி மீனாட்சி. ‘ஸ்ரீ ராமானுஜ’ருக்குத் திரைக்கதை எழுதியவர் வ.ரா. பூணூலைக் கழற்றி எறிந்த பிராமணர், 1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’யின் மூலவர்களில் ஒருவர். ராமானுஜராக நடித்த சங்கு சுப்பிரமணியம் தொழில்முறை நடிகர் அல்ல. உப்புச் சத்தியாக்கிரக நாள்களில் காலணாவுக்கு விற்ற ‘சுதந்திரச் சங்கு’ பத்திரிகையின் ஆசிரியர் அவர். ந. பிச்சமூர்த்தியும் நடித்தார். பாட்டெழுதியவர் பாரதிதாசன், அதாவது அப்போது சுயமரியாதை இயக்கத்தின் கவிஞர்.

நம்பாதவர் ஆச்சாரியருக்குப் பாட்டெழுதினார் என்பதை முரண்பாடு என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கம். எனக்கு அது முரண்பாடாகத் தெரியவில்லை. காலணாவுக்கு அரசியலை விற்றவருக்கும், கவிதையைத் தெருமுனைக்குக் கொண்டுவந்தவருக்கும், பதினெட்டு நடைக்குப் பிறகே கிடைத்ததை விலையில்லாமல் இறைத்தவர் எப்படி அந்நியராவார்? ராமானுஜரை இப்படிக் கையில் எடுப்பது ஒரு மரபாகவே தொடர்ந்தும் வந்தது. 2015இல் கலைஞர் கருணாநிதி தம் தொண்ணூறுகளில் ராமானுஜர் தொலைக்காட்சித் தொடருக்கு எழுதினார். அதற்கு முன்பே இந்திரா பார்த்தசாரதியின் ‘ராமானுஜர்’ நாடகம் சரஸ்வதி சம்மான் பெற்றிருந்தது.

அக்காலப் பக்திப் படங்களுக்கு நடுவே வைத்தால் படத்தின் இடம் தெளிவாகும். கே.பி. சுந்தராம்பாள் நடித்த ‘பக்த நந்தனார்’ 1935இல் வந்தது. நந்தன் கதையில் வெளியே நிற்பவன் உள்ளே வர வேண்டும். வருவதற்குத் தீயில் இறங்க வேண்டும். உள்ளே இருப்பவர் எதையும் இழப்பதில்லை. ராமானுஜர் கதையில் பாரம் இடம் மாறுகிறது. வெளியே நிற்பவன் கேட்டால் போதும், நரகத்துக்குத் துணிவது உள்ளே இருப்பவர். மராத்தியில் இதற்கு இணை, ஏகநாதரைப் பற்றி வி. சாந்தாராம் எடுத்த ‘தர்மாத்மா’ (1935). ‘மகாத்மா’ என்று முதலில் வைத்த பெயரைத் தணிக்கைக்காரர்கள் மாற்ற வைத்தார்கள். கோயில் நுழைவு அன்றைய அன்றாட அரசியல்: திருவிதாங்கூர்ப் பிரகடனம் 1936, மலபார் கோயில் நுழைவுச் சட்டம் 1938, மதுரை மீனாட்சி கோயிலில் வைத்தியநாதய்யர் தலைமையில் நுழைவு 1939 ஜூலை 8. ராமானுஜர் படம் இந்த நாள்களுக்கு நடுவே வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மாமுனிகள் சொல்வது ‘ஆசையுள்ளவர்’. இருபதாம் நூற்றாண்டு அதை ‘எல்லோரும்’ என்று படித்தது. இரண்டும் ஒன்றல்ல. ஆசையும் ஒரு தகுதியே. பிறப்பை விட்டு விருப்பத்தைப் பார்ப்பது பெரிய நகர்வுதான், ஆனாலும் கதவு ஒன்று அங்கே இருக்கிறது. மேல்கோட்டையில் ஒடுக்கப்பட்டோரைத் ‘திருக்குலத்தார்’ என்று அழைத்துக் கோயில் உரிமை தந்தார் என்ற மரபிலும் அந்த உரிமை ஆண்டுக்குச் சில நாள்களுக்கே. சீர்திருத்தக்காரர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்தே தாண்டினார்கள் என்று நினைக்கிறேன். நல்ல காரியத்துக்குத்தான், ஆனால் ஆய்வாளரும் அவர்களோடு சேர்ந்து தாண்டக் கூடாது.

திரையில் நடந்ததைவிடக் கொட்டகையில் நடந்தது முக்கியம். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் அரங்கம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இடம் பிரித்தது சமூகத் தகுதி அல்ல, வாங்கும் சக்தியே என்றும் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதினார். அந்தக் கருத்தை இந்தப் படத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 1938இல் கோயில் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர், காசு கொடுத்துத் தரை டிக்கெட் வாங்கி, மணலைக் கூட்டி மேடாக்கி உட்கார்ந்து, ராமானுஜர் வாயால் வரும் சொல்லை நாற்காலிக்காரர் கேட்கும் அதே நொடியில் கேட்கிறார். பார்க்கப்போனால் திரைக்கு மிக அருகில் இருப்பவர் அவர்தான். ஆசை இருந்தால் போதும் என்ற விதிக்குக் கொட்டகை சேர்த்தது ஒரு டிக்கெட் விலையை. செட்டிநாட்டு முதலீடு அந்த ஆண்டுகளில் சினிமாவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது என்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. காரைக்குடி மெய்யப்பச் செட்டியாரின் ‘நந்தகுமார்’ வந்ததும் அதே 1938தான்.

இந்தப் பேச்சிலெல்லாம் விடுபட்டுப்போகிறவர் நம்பி. பதினேழு முறை திருப்பி அனுப்பியவர் என்பதால் அவரைக் கருமியாக்கிவிடுவது எளிது. கதையில் உண்மையில் மாறுகிறவர் அவர் ஒருவர்தான். ராமானுஜர் கேட்கும்போதே கொடுக்கிற மனத்தோடு கேட்கிறார்; நம்பிதான் சீடனைக் கடிந்துகொள்ள வந்து, அவனை எம்பெருமானார் என்று அழைத்துவிட்டுத் திரும்புகிறார். வரம்பைக் காத்தவரே வரம்பு அறுந்ததை ஒப்புக்கொண்டதால்தான் ஊர் இருவரையும் வைத்துக்கொண்டது.

மாசித் தெப்பத்தன்று குளக்கரைப் படிகளில் கால் வைக்க இடமிருக்காது. படிக்குப் படி அகல் விளக்கு. வேண்டுதல் பலித்தவர்கள் விளக்கோடு வந்து ஏற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள். புதிதாக நேர்ந்துகொள்ள வருகிறவர் அவற்றில் ஒன்றை எடுத்து, துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறார். போன முறை என் பக்கத்தில் நின்ற அம்மாள், எண்ணெய் இன்னும் சூடாக இருந்த ஒரு விளக்கை முந்தானையால் பிடித்து அணைத்தார். “யார் வச்சதுங்க?” என்று கேட்டேன். “யாரு வச்சா என்ன தம்பி” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.