மலையமான் காசும் நினைவு நாணயமும்

காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969-இல் இந்திய அரசு வெளியிட்ட பத்து ரூபாய் வெள்ளி நாணயத்தில் அவர்தம் முகமும், 1869, 1948 என்னும் ஆண்டுகளும் உள. அது மறைந்த சான்றோரைப் போற்றும் நினைவு நாணயம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரை அடுத்த தென்பெண்ணை மணலில் கிடைத்த மலையமான் செப்புக் காசுகள் வேறு வகையின. சங்ககாலத்தனவாகிய அவற்றில் மன்னன் முகம் இல்லை. ஒருபுறம் குதிரையும், மறுபுறம் மலையும் ஆறும் உள. காரி என்னும் வள்ளலின் குதிரையும் காரி என்றே புகழ்பெற்றமையின், இவற்றை அவன் நினைவுக் காசு எனக் கொள்ளத் தோன்றும். அது பொருந்தாது. கைமாறித் தேய வழங்கிய காசு இது, நினைவுக்கெனப் பேணப்பட்டதன்று. குதிரை குடியின் அடையாளம். மேற்கே கல்வராயன் மலையும் வடக்கே பெண்ணையும் சூழ்ந்த இந்நிலத்தில், மலையும் ஆறும் நாட்டின் அடையாளம். வெள்ளி ஒருவரை நினைப்பிக்கிறது. இச்செம்பு ஒரு நாட்டையே காட்டுகிறது என யாம் துணிகின்றோம்.