குப்பைக்கு விலை இருந்த காலம்

டெல்டாப் பக்கம் வயசான விவசாயி ஒருவரிடம் "குப்பை" என்று சொன்னால் முகம் சுளிக்க மாட்டார். "எத்தனை வண்டி?" என்றுதான் கேட்பார். கோடையில் வயலுக்குக் குப்பை அடிப்பது அங்கே ஒரு விவசாய வேலை. சாணம், சாம்பல், கூளம், காய்கறித் தோல் எல்லாம் கொல்லைக் குழியில் மக்கி நெல்லுக்கு உரமாகும். அந்தச் சொல்லுக்குப் பழைய பொருளே குவியல்தான். சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது.

1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. நடுவில் ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த காலம் போக, 1954 வரை அவர்கள் ஆட்சிதான். அந்த ஆட்சியின் தலைநகரான பாரிஸில், 1883 நவம்பரில், யூஜேன் பூபெல் என்ற அதிகாரி ஓர் ஆணை போட்டார். ஒவ்வொரு கட்டடத்திலும் மூடி போட்ட பெட்டி வைக்க வேண்டும். மக்குவதற்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று. வீட்டுக்காரர்கள் செலவு என்று முணுமுணுத்தார்கள். கந்தல் பொறுக்கிப் பிழைத்தவர்கள் பிழைப்பு போச்சே என்று கொதித்தார்கள். கடைசியில் பெட்டி நிலைத்தது, பிரிப்பது நிலைக்கவில்லை. பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டிக்கு இன்றும் பெயர் 'பூபெல்'தான்.

அந்த ஆணை பாரிஸுக்கு மட்டுமே. மாடும் கொல்லையும் இருந்த டெல்டா வீட்டுக்கு அது தேவையும் படவில்லை. தோல் மாட்டுக்கு, சாம்பல் பாத்திரம் தேய்க்க, பழைய புடவை தூளிக்கு, தூளி கிழிந்தால் கரித்துணிக்கு. இதைப் பொற்காலம் என்று சொல்ல வரலை. அதில் வறுமை இருந்தது. தெருவை யார் கூட்டுவது, குப்பையை யார் சுமப்பது என்பதைச் சாதி தீர்மானித்தது. ஆனால் பொருளுக்கு அடுத்த இடம் எது என்று வீட்டுக்குத் தெரிந்திருந்தது.

நான் மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் தொழிலிலும் 'கார்பேஜ்' உண்டு. நிரலின் எந்தப் பகுதியும் இனிச் சுட்டாத தரவுக்குத்தான் அந்தப் பெயர். 1959 வாக்கில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக யோசித்த ஏற்பாடு அது. வீட்டிலும் கணக்கு அதேதான்: அடுத்த இடம் இல்லாத பொருள்தான் குப்பை.

இன்று மீந்த சோற்றையும் பால் கவரையும் ஒரே பையில் போட்டு முடிச்சுப் போடுகிறோம். அந்த முடிச்சில் இரண்டுமே அடுத்த இடத்தை இழக்கின்றன. சோறு காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகிறது. கவரை யாரும் வாங்க மாட்டார்கள். அதைப் பிரித்தெடுக்க இன்னொருவர் கையை விட வேண்டியிருக்கிறது. நம் நாட்டின் 2016 திடக்கழிவு விதிகள் சொன்னதும் மூன்று பிரிவுதான்: ஈரம், உலர்ந்தது, அபாயமானது. பூபெல் ஆணைக்கு 133 வருஷம் கழித்து!

சட்டத்துக்கு எல்லை உண்டு. 2019 ஜனவரி 1-ல் தமிழ்நாடு 14 வகை பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது, சுற்றிலும் தமிழ்நாடு இருந்தும் காரைக்கால் புதுச்சேரியின் சட்டத்தில்தான் இருந்தது. அரசலாற்றுக்கு அந்த எல்லை தெரியாது. மேலே விழுகிற கவர் காரைக்கால் வழியாகத்தான் கடலுக்குப் போகும்.

கொல்லை இல்லாத வீட்டுக்கு ஓட்டை போட்ட ஒரு பழைய வாளி போதும். காய்கறித் தோல் ஒரு அடுக்கு, சருகோ தென்னை நார்த்தூளோ ஒரு அடுக்கு. சில நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாசத்தில் உரம். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, இன்னும் கொஞ்சம் சருகு போடுங்கள். பால் கவரைக் கழுவிக் காயவைத்துத் தனியாகச் சேருங்கள். கடைக்கு மஞ்சப்பை. பேட்டரியும் ஊசியும் தனி டப்பாவில்.

இவ்வளவையும் பிரிக்க நமக்கு ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தை நாம் தராவிட்டால், கையுறைகூட இல்லாத யாரோ ஒருவர் தருகிறார்.