சந்தனம் என்னும் சொல்

ஆங்கில அகராதியைப் புரட்டும் மாணவன் 'சாண்டல்' என்னும் சொல்லுக்கு இருபொருள் காண்பான். ஒன்று காலணி, மற்றையது சந்தனம். இவை ஒலியால் ஒன்றுபட்டனவேயன்றி உறவால் ஒன்றுபட்டனவல்ல. காலணியைக் குறிப்பது 'சந்தலியோன்' என்னும் கிரேக்கச் சொல்லினின்று இலத்தீன் வழியாக வந்தது. அதனை இவ்வளவில் நிறுத்தி, மணங்கமழும் மற்றைச் சொல்லின் வழியே செல்வாம்.

அவ்வழி கிழக்கு நோக்கியது. ஆங்கிலத்துக்கு அதனை ஈந்தது இடைக்கால இலத்தீன். அதற்கு முன்னே கிரேக்கத்திலும் அரபியிலும் பாரசீகத்திலும் அது வழங்கிற்று. பாரசீகரது வல்லோசைச் சகரத்துக்கு ஏற்ற எழுத்து அரபியில் இன்மையின் அரபியர் அதனை 'ஸந்தல்' என்றனர். ஈற்றிலிருந்த னகரம் லகரமாயிற்று. 1753 இல் இலின்னேயசு இம்மரவினத்துக்கிட்ட தாவரவியற் பெயரும் இவ்வழி வந்த இலத்தீன் வடிவமே. எல்லாவற்றுக்கும் மூலமாய் நிற்பது வடமொழியின் 'சந்தன' என்பதாகும்.

வடமொழிக்கு அச்சொல் எங்கிருந்து வந்தது? இருக்கு வேதத்தில் அஃது இல்லை. நிருத்தம் செய்த யாஸ்கர், 'சந்திரன்' என்பதற்குக் காட்டிய தாதுவிலிருந்தே இதனையும் வருவித்தார். தண்மையும் இன்பமும் இரண்டுக்கும் பொதுவாகலின் அவ்விளக்கம் அழகியதே. ஆயினும் சொற்பிறப்பில் அழகு சான்றாகாது. 'வடமொழி' என்னும் பொருள்பட 1955 இல் தாம் வெளியிட்ட நூலிலே பேராசிரியர் ரி. பரோ, இதனைத் திராவிட மொழிகளிலிருந்து பெறப்பட்ட சொற்களுள் ஒன்றாக வைத்து, தமிழிலுள்ள 'சாந்து' என்பதனோடு ஒப்பிட்டார்.

இக்கருத்தைத் தமிழர் உவந்தேற்பர். உவப்பு ஒருபுறமிருக்க, சான்றை நோக்குவோம். பழந்தமிழ்ச் செய்யுட்களில் மரத்துக்கு 'ஆரம்' என்னும் பெயர் பெருவழக்கு. அரைத்து மார்பிற் பூசப்படுவது 'சாந்து'. சுவருக்குப் பூசும் சுண்ணமும் சாந்தே. நெற்றியிலிடும் பொட்டும் சாந்தே. எனவே இச்சொல்லின் அடிப்பொருள் மணமன்று, மரமுமன்று. குழைத்துப் பூசப்படுவது என்பதே. கோயிலிலே சந்தனம் 'சாத்து'தல் என்கிறோம். திருந்து, திருத்து, வருந்து, வருத்து என மெல்லினமும் வல்லினமும் மாறிநிற்கும் முறை தமிழில் உண்டாகலின், சாந்து, சாத்து என்பவற்றையும் ஓரினமாகக் கருத இடமுண்டு. முதலிரண்டும் வினையிணைகள், சாந்தோ பெயர் என்னும் வேறுபாட்டையும் மறத்தலாகாது.

தடையும் உண்டு. சாந்தின் நெடில் வடமொழியிற் குறிலானது ஏன் என்பதற்குத் திருப்தியான விடை வேண்டும். 'சந்தனம்' என்னும் வடிவம் வடமொழியிலிருந்தே தமிழுக்கு மீண்டது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆகவே பரோவின் கருத்தை முடிந்த முடிபு எனல் மிகை. ஆயினும் யாஸ்கர் கூற்றினும் அது வலியதென்பதே என் துணிபு. பொருளின் பயனை அஃது விளக்குகின்றது.

பூச்சின் பெயர் மரத்துக்காகுமோ எனின், தீமோர்த் தீவை நோக்குக. சந்தனத்துக்குப் பேர்போன அத்தீவின் தேத்துன் மொழியில் மரத்தின் பெயர் 'காமெலி'. அதனை வாங்கிச் சென்ற மலாய் வணிகரோ 'செந்தனா' என்றனர். மரம் வளர்ந்த மண்ணின் பெயர் அங்கேயே தங்கிற்று. பூசினோர் வழங்கிய பெயரே கடல் கடந்தது. சந்தனமரம் அக்கீழ்த்திசைத் தீவுகளிலிருந்தே இந்தியாவை அடைந்தது என்று கொள்ளும் தாவரவியலாரும் உளர். அவர் கூற்று மெய்யாயின், தமிழர் அயல்மரத்துக்குத் தம் பழைய பூச்சின் பெயரை இட்டழைத்தனர் என்பதும் இயல்பேயாம்.

இச்சொல்லின் பயணத்தில் எம் ஈழத்துக்கும் ஓரிடமுண்டு. கி.பி. 6 ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய வணிகராயிருந்த கொசுமசு என்பார், சீனத்திலிருந்தும் பிற கீழ்த்திசைத் துறைகளிலிருந்தும் இத்தீவுக்கு வந்திறங்கிய பண்டங்களைக் கூறுமிடத்து, பட்டு, அகில், கிராம்பு என்பவற்றோடு சந்தனத்தையும் சேர்த்தார். ஆனால் அவர் எழுதிய வடிவம் 'சந்தலொன்' அன்று, 'த்சந்தனா' என்பது. முதலெழுத்தின் வல்லோசையும் ஈற்றயல் னகரமும் அதில் அழியாதிருக்கின்றன. அவர் அதனைக் கிரேக்க ஏட்டிற் படித்தறியவில்லை. இக்கடலில் வணிகஞ் செய்தோர் வாய்மொழியாகவே கேட்டிருத்தல் வேண்டும்.