இயற்கைக் கதிர்வீச்சும் மனித உழைப்பும்: யோக்கிம்ஸ்தால் சுரங்கங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கதிர்வீச்சின் மூலங்களை இயற்கையானவை, செயற்கையானவை என இரண்டாக வகுத்து நோக்குவது விஞ்ஞான மரபு. பாறையும் மண்ணும் விண்கதிரும் முதல் வகையின. எக்ஸ்-கதிர்க் கருவியும் அணுவுலையும் அணுக்குண்டுச் சோதனையும் இரண்டாம் வகையின. ஐக்கிய நாடுகளின் அணுக்கதிர்வீச்சு பற்றிய விஞ்ஞானக் குழு 2008ஆம் ஆண்டு அறிக்கையிற் கணித்தவாறு, உலக மாந்தர் ஒருவர் இயற்கை மூலங்களிலிருந்து ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவேட் கதிர்வீச்சைப் பெறுகிறார். இதில் ஏறத்தாழப் பாதி, நிலத்திலிருந்து கசியும் ரேடன் வாயுவினால் வருவது.

பௌதிக நோக்கில் இப்பாகுபாடு பயனுடையதே. ஆயின், சராசரி மனிதன் எனும் ஒருவன் வரலாற்றில் எங்கும் வாழ்ந்ததில்லை. இயற்கையின் கதிர்வீச்சை மிகுதியாகச் சுவாசித்தோர் யாவர், யாருடைய தேவைக்காகச் சுவாசித்தனர் என்ற வினாக்களை எழுப்பும்போது, இயற்கைக்கும் செயற்கைக்கும் இடையிலான எல்லைக்கோடு மங்கிவிடுகிறது. பொஹீமியாவுக்கும் சக்சனிக்கும் இடைப்பட்ட தாதுமலைத் தொடரிலுள்ள யோக்கிம்ஸ்தால் நகரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இந்நகர் 1516இல் வெள்ளிக்காகத் தோன்றியது. இங்கு அச்சிடப்பட்ட நாணயம் தாலர் எனப்பட்டது. இன்றைய டொலர் என்னும் பெயரின் மூலமும் அதுவே. வணிக மூலதனத்தின் எழுச்சிக்கு வெள்ளி வழங்கிய இவ்வூரில், 1525இல் ஜேர்மன் விவசாயிகள் போரின்போது சுரங்கத் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்தனர். இருமலும் மூச்சுத்திணறலும் இத்தொழிலாளரின் வாழ்வோடு ஒட்டியிருந்தன. 1527 முதல் இந்நகரின் மருத்துவராயிருந்த அக்ரிக்கோலா, 1556இல் வெளிவந்த தம் சுரங்கவியல் நூலில், தூசு நுரையீரலை அரிப்பதை விவரித்தார். கார்பாத்தியச் சுரங்கப் பகுதிகளில் கணவன்மாரை ஒருவர்பின் ஒருவராக இழந்த பெண்களையும் குறிப்பிட்டார். 1879இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் இரு மருத்துவர்கள், மலையின் மறுபுறத்திலுள்ள ஷ்னீபேர்க் நகரில் “மலைநோய்” என வழங்கியது நுரையீரலிற் தோன்றும் புற்றே எனக் காட்டினர். நோய் அறியப்பட்டது, காரணம் அறியப்படவில்லை.

வெள்ளித் தாதுவுடன் கிடைத்த கரிய கனிமத்தைத் தொழிலாளர் நெடுங்காலம் பயனற்றதென ஒதுக்கினர். 1789இல் கிளப்ரோத் அத்தகைய கனிமத்திலிருந்தே யுரேனியத்தை இனங்கண்டார். பின்னர் கண்ணாடிக்கும் மட்பாண்டத்துக்கும் நிறமூட்ட அது பயன்பட்டது. நிறமூட்டி பிரித்தெடுக்கப்பட்டபின் எஞ்சிய கழிவே பாரிசுக்கு அனுப்பப்பட்டு, கியூரி தம்பதியர் ரேடியத்தைப் பிரித்தெடுக்க உதவியது. 1898இன் அக்கண்டுபிடிப்பை மேதைமையின் வெற்றியாகப் போற்றும் நூல்கள் பல. அக்கழிவைத் தோண்டிய கைகளைப் பற்றி அவை பேசுவதில்லை.

1906 முதல் இந்நகரில் ரேடன் கலந்த சுரங்க நீரிற் குளிக்கும் சிகிச்சை நிலையம் இயங்கியது. 1912இல் ‘ரேடியம் மாளிகை’ எனும் ஆடம்பர விடுதி எழுந்தது. மேலே வசதி படைத்தோர் காசு கொடுத்துச் சில நாட்கள் நாடிய வாயுவையே, கீழே தொழிலாளி கூலிக்காக ஆயுள் முழுவதும் சுவாசித்தான். இயற்கை இருவருக்கும் ஒன்றே. வேறுபட்டவை அவர்களின் வர்க்க நிலையும் அதனால் விதிக்கப்பட்ட அளவுமே ஆகும்.

இவ்வரலாறு முதலாளித்துவத்தோடு முடிவுறவில்லை. 1945 நவம்பரிற் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின்படி செக்கோசிலோவாக்கிய யுரேனியம் சோவியத் யூனியனுக்குச் சென்றது. அமெரிக்காவின் அணுவாயுத ஏகபோகத்தை முறியடிக்கும் தேவை மெய்யானதே. ஆனால் அத்தாதுவைத் தோண்ட முதலிற் போர்க்கைதிகளும், 1949 முதல் பல்லாயிரம் அரசியற் கைதிகளும் முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டனர். தாதுவை அரைத்துப் பொதிசெய்த கட்டடத்தைக் கைதிகள் மரணக் கோபுரம் என்றனர். முகாம்கள் 1961வரை நீடித்தன. இதனை எதிரியின் பிரசாரமெனத் தள்ளிவிடுதல் முற்போக்காளருக்கு அழகன்று. உற்பத்திச் சாதனங்கள் அரசின் கைக்கு மாறுவது மாத்திரம் உழைப்பவனின் விடுதலை ஆகாது என்பதையும், ஆபத்தை அறிந்து மறுக்கும் உரிமை அவனுக்கு இல்லாதவிடத்துச் சுரண்டல் வேறு பெயரிற் தொடரும் என்பதையும் இவ்வனுபவம் உணர்த்துகிறது.

ரேடன் மனிதரிற் புற்றுநோயை விளைவிப்பதெனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது 1988இல். அம்முடிவுக்கு ஆதாரமாயமைந்தவை பெரிதும் சுரங்கத் தொழிலாளரின் மரணக் கணக்குகளே. இன்று நம் வீடுகளுக்கு விதிக்கப்படும் பாதுகாப்பு வரம்புகளின் பின்னால் அவர்தம் உடல்கள் உள்ளன. 2019இல் தாதுமலைச் சுரங்கப் பிரதேசம் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. மரணக் கோபுரமும் அதிற் சேர்ந்தது.

யுரேனியம் இயற்கையின் ஆக்கம். அதனைத் தோண்ட யாரை அனுப்புவது, காற்றோட்டத்துக்கு எவ்வளவு செலவிடுவது, நோயுற்றவனுக்கு உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்பவை மனிதரின் தீர்மானங்கள். கதிர்வீச்சின் வரலாற்றை எழுதுவோர் அளவுகளோடு இத்தீர்மானங்களையும் பதிவுசெய்தல் வேண்டும்.